உடுப்பவருக்கான உடை

1930களில் அமெரிக்க உடை நிறுவனங்கள் பாரிசு நகருக்கு ஆளனுப்பின. அங்கு அரங்கேறும் புதிய உடைகளைப் பார்த்துவந்து, அவற்றைப் படியெடுத்து விற்பதே வழக்கம். அப்பணிக்குச் சென்றவர்களுள் படியெடுக்க மனமொவ்வாதவர் ஒருவர் இருந்தார். அவரே கிளேர் மெக்கார்டெல்.

அவர் 1905ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்தின் பிரெடெரிக் நகரில் பிறந்தார். தாயின் இதழ்களிலிருந்து உடையணிந்த உருவங்களைக் கத்தரித்து விளையாடிய அச்சிறுமி, பின்னாளில் நியூயார்க்கிலும் பாரிசிலும் உடை வடிவமைப்புப் பயின்றார். மாணவியாக இருந்தபோது, புகழ்பெற்ற மதலேன் வியோனேயின் உடைகளைக் குறைந்த விலைக்கு வாங்கித் தையல்களைப் பிரித்துப் பார்த்தார். நெசவிழைக்குச் சாய்வாக வெட்டிய துணி உடலோடு இசைந்து நெகிழ்வதை அவ்வாறே அறிந்துகொண்டார்.

1938இல் இடையில் வெட்டே இல்லாத தளர்வான உடையொன்றை வடிவமைத்தார். உடுப்பவரே தம் விருப்பப்படி அதற்குக் கச்சை கட்டிக்கொள்ளலாம். உடை பெரிதும் விற்றது. பிறர் அதைப் படியெடுக்கவும் செய்தனர். படியெடுக்க விரும்பாதவருக்கா இந்நிலை! அவர் பணியாற்றிய டவுன்லி நிறுவனம் அவர்களோடு வழக்காடியே பொருளிழந்து மூடப்பட்டது. 1940இல் அது மீண்டும் திறக்கப்பட்டபோது, உடைகளில் தைத்த சீட்டில் அவர் பெயரும் இடம்பெற்றது. வடிவமைப்பாளர் பெயர் வெளியே தெரியாதிருந்த காலத்தில் இது சிறிய வெற்றியன்று.

அவ்வாண்டே பாரிசு செருமானியர் வசமாயிற்று. பின்னர் அமெரிக்காவும் போரில் இறங்கவே, துணிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. மெக்கார்டெல் அதற்காக வருந்தி நிற்கவில்லை. தொழிலாளர் உடைக்குரிய டெனிமையும் மெத்தை உறைக்குரிய கோடிட்ட பருத்தியையும் பெண்களின் உடைக்குக் கொணர்ந்தார். தையலை மறைக்காமல் வெளியே தெரியவிட்டார். பித்தளைக் கொக்கிகளையே அணியாக்கினார். அக்காலத்தில் பணிப்பெண்கள் போர்க்கால ஆலைகளுக்குச் சென்றுவிட்டதால், இல்லத்தரசிகள் பலர் தாமே சமைக்க நேர்ந்தது. அவர்களுக்காக 1942இல் உருவானதே 'பாப்ஓவர்' உடை. சுற்றிக் கட்டும் அவ்வுடையில் பெரிய பையும், சூடான பாத்திரம் பிடிக்கும் கையுறையும் இணைந்திருந்தன. விலை 6.95 டாலர் மட்டுமே. ஆண்களின் உடையில் பைகள் இருக்கப் பெண்களுக்கு ஏன் இல்லை என்னும் கேள்விக்கு, தம் உடைகளில் பைகளை வைத்தே அவர் விடையளித்தார்.

1955இல் டைம் இதழின் அட்டையில் அவர் படம் வெளிவந்தது. விரைவிலேயே புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனையில் இருந்தபடியே, பழைய வகுப்புத் தோழியின் துணையோடு தம் இறுதி உடைத்தொகுப்பை முடித்தார். அதன் அரங்கேற்றத்திற்கு எழுந்தும் வந்தார். 1958 மார்ச்சுத் திங்களில் காலமானபோது அவருக்கு வயது 52.