பள்ளிக் குழாயிலிருந்து நதிப் படுகை வரை: அம்பேத்கரின் தண்ணீர் அரசியல்

அண்ணல் அம்பேத்கரை அரசமைப்பின் சிற்பியாக அறிந்தவர் பலர். அவருடைய பொதுவாழ்வு நெடுகிலும் தண்ணீர் ஓர் அரசியல் கேள்வியாகத் தொடர்ந்ததை நாம் போதுமான அளவு பேசியதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் படைமுகாமில் பிறந்த அவர், சதாராவில் பள்ளியில் படித்தார். தாகம் எடுத்தாலும் குழாயைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. பள்ளி ஏவலர் திறந்துவிட்டால் குடிக்கலாம். அவர் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். கோரேகாவில் பணியாற்றிய தந்தையைக் காண மாட்டுவண்டியில் சென்ற இரவில், கையில் உணவிருந்தும் குடிநீர் தருவார் இல்லாததால் அவரும் உடன்வந்த சிறுவர்களும் பட்டினியாகவே உறங்கினர்.

கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று அவர் நாடு திரும்பிய 1923இல், பொது நிதியில் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானம் பம்பாய் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மறு ஆண்டு மகத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்தது. எனினும் எவரும் அக்குளத்தில் நீர் அருந்த இயலவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகச் சென்று அந்நீரை அருந்தினார். சாதி இந்துக்கள் மாநாட்டுக்கு வந்தோரைத் தாக்கினர். பின்னர் சாணமும் கோமியமும் கலந்து குளத்தைத் 'தூய்மை' செய்தனர்.

அவ்வாண்டு டிசம்பரில் நடந்த இரண்டாம் மாநாட்டுக்கு முன்பே அவர்கள் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையாணை பெற்றனர். மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆனால் நீதிமன்ற ஆணையை மதித்து அம்பேத்கர் குளத்தில் இறங்கவில்லை. போராட்டம் நீதிமன்றத்தில் பத்தாண்டுகள் நீண்டது. தீண்டப்படாதோரை விலக்கிவைப்பது தொன்றுதொட்ட வழக்கம் என்பதே வாதிகளின் அடித்தளம். ஆக, சட்ட வழக்கு ஒரு வரலாற்று வழக்காகவும் ஆயிற்று. அவ்வழக்கம் நினைவுக்கெட்டாத காலம் முதல் நிலவியது என்பதை வாதிகளால் மெய்ப்பிக்க முடியவில்லை. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களது மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினரானபோது, பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தன. 1943இல் தாமோதர் நதி பெருவெள்ளம் கண்டது. கரைகளை உயர்த்துவதோடு நில்லாமல் வெள்ளத்தடுப்பு, பாசனம், மின்னாக்கம், போக்குவரத்து அனைத்தையும் ஒருங்கே நிறைவேற்றும் படுகைத் திட்டத்தை அவர் முன்னெடுத்தார். 1945இல் மத்திய நீர்வழி, பாசன, நீர்ப்போக்குவரத்து ஆணையம் உருவானது. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் செயலுக்கு வந்தது. குடிநீர் மறுக்கப்பட்ட சிறுவன், துணைக்கண்டத்து நதிகளைத் திட்டமிடும் இடத்தில் அமர்ந்திருந்தார்.

அவர் தலைமையிலான வரைவுக்குழு உருவாக்கிய அரசமைப்பின் 15(2) பிரிவு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் அல்லது பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட கிணறு, குளம், படித்துறைகளில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. பிரிவு 17 தீண்டாமையை ஒழிக்கிறது. பிரிவு 13, சட்ட வலிமை பெற்ற வழக்கமும் அடிப்படை உரிமைக்கு முரணானால் செல்லாது என்கிறது. மகத் வாதிகள் நம்பியிருந்த ஆயுதம் இதனால் முறிக்கப்பட்டது. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

'ஊர் வழக்கம்' என்ற சொல் நீர்நிலைகளின் கரையில் இன்றும் ஒலிக்கிறது. அதைக் கேட்கும்போது சட்ட மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இரண்டு கேள்விகளை எழுப்ப வேண்டும். அந்த நீர்நிலை யாருடைய பணத்தில் பராமரிக்கப்படுகிறது? அதன் பதிவேடு யார் பெயரில் உள்ளது? மகத்தில் தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. மக்கள் நடந்து சென்று நீரை அள்ளிய நாளில்தான் அது உரிமையாயிற்று. அந்த உரிமையை நிலைநிறுத்தப் பத்தாண்டு வழக்காடலும் தேவைப்பட்டது. இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட்டாலும் குளம் மீண்டும் மூடப்படும்.