மாநக்கவாரத்தின் மைந்தர்

முதலாம் இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியைப் படித்தவர்கள் மாநக்கவாரம் என்னும் பெயரை அறிவார்கள். 1025ஆம் ஆண்டளவில் கடாரம் நோக்கிச் சென்ற சோழர் கடற்படை வென்ற இடங்களுள் ஒன்றாக அது குறிக்கப்படுகிறது. இன்றைய நிக்கோபார் தீவுகளே அவை. அவ்வெற்றியை எண்ணி நாம் பெருமிதம் கொள்கிறோம். அன்று கரையில் நின்று அக்கப்பல்களைக் கண்டவர்கள் என்ன பட்டார்கள் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. அத்தீவுகளில் பிறந்த ஒரு பெரியவரின் வாழ்வை இங்கே சிந்திப்போம்.

கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் 1884இல் பிறந்தவர் ஜான் ரிச்சர்ட்சன். பெற்றோர் இட்ட பெயர் ஹா சேவ் கா. அவர் பிறப்பதற்கு முன்பே தீவுகள் பலமுறை கைமாறியிருந்தன. 1756இல் தரங்கம்பாடியிலிருந்த டேனியர்கள் அவற்றுக்கு உரிமை கொண்டாடினர். 1869இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். தீவு மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

அக்காலத்தில் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர் மூஸ் கிராமத்திற்கு வந்து பள்ளி நடத்தினார். சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்ட அவர், மேற்படிப்புக்காக அவனைப் பர்மாவுக்கு அனுப்பிவைத்தார். கற்றுத் திரும்பிய ரிச்சர்ட்சன் தம் மக்களுக்கே ஆசிரியரானார். பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தாய்மொழியில் ஆக்கித் தந்தார். இளைஞர்களுக்குக் கால்பந்தாட்டமும் கற்பித்தார்.

1942இல் ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. விமான ஓடுதளம் அமைக்க மக்கள் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர். 1945இல், எதிரிக்கு உளவு சொன்னதாகப் பழிசுமத்தி, தீவினர் பலரைச் சித்திரவதை செய்து கொன்றனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டு மரண தண்டனை பெற்றார். அது நிறைவேறுமுன் ஆகஸ்ட் மாதத்தில் ஜப்பான் சரணடைந்ததால் உயிர் பிழைத்தார். கொலைகளுக்குப் பொறுப்பானவர்கள் 1946இல் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டனர்.

அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. கசப்பிலேயே எஞ்சிய நாள்களைக் கழித்திருந்தாலும் யாரும் குறை கூறியிருக்க முடியாது. அவரோ சிதைந்துபோன சமூகத்தை மீண்டும் எழுப்பும் பணியில் இறங்கினார். 1950இல் பேராயரானார். 1952இல் குடியரசுத் தலைவரின் நியமனத்தால் முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் உறுப்பினராக அமர்ந்தார். கேட்பாரின்றிக் கைமாறிய மண்ணின் மகனுக்கு, நாட்டின் சட்டம் இயற்றும் அவையில் இடம் கிடைத்தது. 1965இல் பத்மஸ்ரீயும் 1975இல் பத்ம பூஷணும் அவரை வந்தடைந்தன. 1978இல் அமைதியெய்தினார்.

2004ஆம் ஆண்டுச் சுனாமி கார் நிக்கோபாரின் கடலோர ஊர்களை அழித்தது. மக்கள் உள்நிலத்தில் மீண்டும் குடியமர வேண்டியிருந்தது. ஜப்பானியர் கட்டாய உழைப்பால் அமைத்த ஓடுதளம் இந்திய விமானப்படைத் தளமாக மாறியிருந்தது. மீட்பு விமானங்கள் அங்கேதான் வந்திறங்கின.

முன்னோர் பட்ட துன்பத்தை மறைப்பதால் மனம் ஆறுவதில்லை. அதையே ஓயாது கிளறுவதாலும் ஆறுவதில்லை. நடந்ததை நடந்ததாக ஏற்று, அடுத்த தலைமுறைக்குக் கல்வியும் தன்மதிப்பும் தருவதே ரிச்சர்ட்சன் காட்டிய வழி. வென்றவர்களின் மரபில் வந்த நமக்கும் ஒரு கடமை உண்டு. மாநக்கவாரம் என்னும் பெயரை உச்சரிக்கும்போது, சோழரின் கலங்களோடு வேதப்பன் சாலமனின் பள்ளியையும் நினைப்போம். எந்த வழியில் பிறர் வாசலுக்குச் செல்வது என்பது இன்று நம் கையில் இருக்கிறது.