நிழலிலிருந்து உருவம் கண்ட ஜி. என். இராமச்சந்திரன்

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு இடுப்பு வலி என்று ஸ்கேன் எடுக்கிறார்கள். சிறுநீரகத்தில் சிறு கட்டி ஒன்று இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். அது தீங்கற்ற நீர்ப்பையா, புற்றுநோயா? விடை தெரியும்வரை அந்த வீட்டில் யாருக்கும் உறக்கம் கொள்ளாது. இந்த விடையைத் தரும் கருவிக்குப் பின்னால் திருச்சியில் படித்த ஒருவரின் கணக்கு இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ஆகவே எண்கள் அவருக்கு வீட்டுப் பிள்ளைகளைப்போலப் பழகியவை. இயேசு சபைக் குருமார் நடத்தும் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின் பொறியியலுக்கு. ஆனால் அங்கிருந்த சர் சி. வி. இராமன் இளைஞரின் கூர்மையைக் கண்டு இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். பின்னர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் எக்ஸ் கதிர் ஆராய்ச்சி செய்து, 1949-இல் நாடு திரும்பினார்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை இயற்பியல் துறைத் தலைவராக்கியது. வயது முப்பதுதான்! நம் தோலுக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் கொலாஜன் என்ற புரதம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ஆராய்ந்தார். கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிரில் படமெடுத்துப் பார்த்து, மூன்று இழைகள் கூந்தல் பின்னலைப்போல முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று 1954-இல் அறிவித்தார். 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடத்தை உலகெங்கும் புரதம் பயிலும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். இவையெல்லாம் பாடநூல்களில் இருப்பவை. நாம் சொல்ல வந்தது பலரும் அறியாத மூன்றாவது பணியை.

நம் சங்ககிரி மலையைச் சேலம் சாலையிலிருந்து பார்த்தால் ஒரு வடிவம், பவானிப் பக்கமிருந்து பார்த்தால் வேறு, திருச்செங்கோட்டுச் சாலையில் வரும்போது இன்னொன்று. எந்த ஒரு காட்சியும் முழு மலையைக் காட்டாது. சாதாரண எக்ஸ்ரே படமும் அப்படித்தான். உடலை ஒரே பக்கத்திலிருந்து பார்த்த நிழல் அது. எலும்பும் குடலும் சிறுநீரகமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிடும். பல கோணங்களிலிருந்து நிழல்களை எடுத்து, வந்த வழியே திருப்பி விரித்து ஒன்றாக்கினால் உள்ளுருவம் கிடைக்கும். ஆனால் மழைத்துளி பட்ட கோலம்போலக் கலங்கித் தெரியும். அதைத் தெளிவாக்க அந்நாளில் ஃபூரியர் முறை என்னும் நீண்ட கணக்கைப் போட்டார்கள். அக்காலக் கணிப்பொறிக்கு அது பெருஞ்சுமை.

இராமச்சந்திரன் சிகாகோவிலும் பெங்களூரிலுமாகப் பணியாற்றிய நேரம். அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971-இல் ஓர் எளிய வழியை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நிழலையும் விரிப்பதற்கு முன்னரே, அதிலுள்ள எண்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் பெருக்கியும் கூட்டியும் கழித்தும் சீர்செய்துவிட வேண்டும். அதன்பின் விரித்தால் கலக்கம் நீங்கிவிடும். வானொலி வானியலில் பிரேஸ்வெல் என்பவர் இதை ஒத்த முறையை முன்பே கண்டிருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அதே 1971 அக்டோபர் முதல் நாள் இலண்டனில் ஒரு பெண்மணியின் மூளையை ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முறையாகப் படமெடுத்தது. அக்கருவி பயன்படுத்தியது வேறு கணக்கு. எனினும் பின்னர் வந்த கருவிகளில் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது இராமச்சந்திரன் வழியைச் சேர்ந்த கணக்கே. 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மாக்கும் நோபல் பரிசு பெற்றார்கள். நம்மவர் பெயர் அதில் இல்லை. நமக்கு மனக்குறைதான், அவரோ அடுத்த ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

இனி அந்தச் சிறுநீரகக் கட்டிக்கு வருவோம். வயதானவர்களில் பலருக்கும் நீர்ப்பை இருக்கும். அது தீங்கு செய்யாது. ஆனால் உள்ளே பழைய இரத்தம் தேங்கியிருந்தால் ஸ்கேனில் அதுவும் திடமான கட்டியைப்போலவே தெரியும். எனவே நரம்பில் அயோடின் மருந்து செலுத்திப் பார்ப்பார்கள். இரத்த ஓட்டமுள்ள புற்றுக்கட்டி மருந்தை உறிஞ்சும், நீர்ப்பை உறிஞ்சாது. வேறுபாடு காண, மருந்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் என எடுக்க வேண்டும்.

ஒரே உறுப்பை எக்ஸ் கதிரின் இரு ஆற்றல்களில் படமெடுத்தால் அயோடினைச் சுண்ணாம்புச் சத்திலிருந்து பிரித்தறியலாம் என்று ஹவுன்ஸ்ஃபீல்டு 1973-லேயே எழுதினார். 2006-ஐ ஒட்டித்தான் அது மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தது. உதாரணமாக 80 கிலோவோல்ட்டில் ஒன்று, 140-இல் ஒன்று. குறைந்த ஆற்றலில் அயோடின் மிக அதிகமாகக் கதிரைத் தடுக்கும்; நீரும் இரத்தமும் அவ்வளவு மாறா. இரண்டையும் ஒப்பிட்டு அயோடினை மட்டும் தனியே வண்ணப்படமாக்குகிறார்கள். அயோடினைக் கழித்து, மருந்தில்லாத படத்தையும் கணக்கிலேயே பெறுகிறார்கள். அதனால் பலருக்கு இரண்டாம் முறை கதிர் படவேண்டியதில்லை. வீண் அறுவையும் தவிர்கிறது. சிலவகைப் புற்றுக்கட்டிகள் மிகக் குறைவாகவே மருந்தை உறிஞ்சி ஏமாற்றுவதுண்டு. ஆகவே மருத்துவரின் கண் எப்போதும் தேவை.

இந்த வளர்ச்சியைக் காண இராமச்சந்திரன் இல்லை. 1977-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. முதுமையில் நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. 1998-இல் துணைவியார் இராஜலட்சுமி மறைந்தார். 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் அவரும் காலமானார். படம் உருவாக்கும் கணக்கில் ஒரு படிக்கு, அவர் பெயரின் முற்பகுதியையும் லட்சுமிநாராயணன் பெயரின் முற்பகுதியையும் சேர்த்து, ராம்-லாக் என்று பொறியாளர்கள் இன்றும் பெயர் சொல்கிறார்கள்.