மானிப்பாயின் வைத்தியர் கிறீன்

மருந்தைக் கொடுப்பவர் அதன் குணத்தையும் தோஷத்தையும் நோயாளி பேசும் மொழியிலேயே அறிந்திருக்க வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தில் செய்துகாட்டியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் 1822 இல் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847 இல் மிஷன் வைத்தியராக இங்கு வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் அவர் தொடங்கிய பணியே அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலையாயிற்று.

ஆங்கிலத்தில் கற்ற மாணவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்ட கிறீன், 1862 இல் இரண்டாம் முறை வந்தபின் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என நூல்கள் வெளிவந்தன. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழையும், அடுத்து வடமொழியையும் நாடினார். இரண்டும் உதவாவிடத்தே ஆங்கிலத்தை எழுத்துப்பெயர்த்தார். அந்நடை இன்று நமக்குக் கடினந்தான். எனினும், நமக்கு முன்னே அத்துறையில் வழி வெட்டியவர் வேறு யார்?

அவர் மானிப்பாயிலிருந்த 1849 இல், ஜெர்மனியில் பேர்தோல்ட் என்பார் சேவல்களின் விதையை அகற்றி, உடலுள் வேறிடத்தில் பொருத்திப் பார்த்தார். கொண்டையும் கூவலும் குன்றவில்லை. விதையிலிருந்து ஏதோவொன்று இரத்தத்திற் கலக்கின்றதெனத் தெளிந்தார். ஓமோன் என்ற சொல் பிறந்தது 1905 இல். தெஸ்தொஸ்தரோன் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது 1935 இல். கிறீன் 1884 இலேயே காலமானார். ஆகவே அவர் நூல்களில் இம்மருந்து இல்லை.

சுரப்புக் குன்றிய ஆண்களுக்கு அது நன்மருந்து. கலத்தினுள் புகுந்து, வாங்கியுடன் இணைந்து, பரம்பரையலகுகளை இயக்கித் தசையையும் செங்குழியங்களையும் பெருக்குகின்றது. உடற்கட்டுக்காக வைத்தியரின்றி ஏற்றிக்கொள்ளும் இளைஞருக்கோ நேர்மாறு. வெளியிலிருந்து வருவதைக் கண்டு மூளை தன் தூண்டலை நிறுத்த, விதைகள் சுருங்கி விந்தணு குறையும், பிள்ளைப்பேறே தடைப்படலாம். செங்குழியங்கள் மிகுந்து இரத்தம் தடிக்கும். விழுங்கும் வில்லைகளுட் சில ஈரலைக் கெடுக்கும். புரஸ்தேற்றுப் புற்றுநோயுள்ளோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. பெண்களின் குரல் தடித்தால், மருந்தை விட்டாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாதிருக்கலாம்.

இவையெல்லாம் மருந்துப் பெட்டியினுள்ளே மடித்து வைத்த தாளில் உள்ளன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதனைத் தமிழில் அச்சிட எத்தனை பணம் செலவாகும் என்று கேட்கவே நமக்குத் தோன்றுகின்றது.

நோயுற்று 1873 இல் தாயகம் திரும்பிய கிறீன், அங்கிருந்தும் தமிழ் மொழிபெயர்ப்பை விடவில்லை. வூஸ்ரரிலுள்ள அவரது கல்லறையில், தாம் தமிழர்க்கு வைத்திய ஊழியராயிருந்ததையே பொறிக்கச் செய்தார்.