ஓக்ஸி பிரபுவும் எம்மவர் வழக்கும்

பெரியோர் ஒருவரின் வரலாற்றைக் கல்லூரி மலரில் எழுதுவது நெடுங்காலமாக வந்த வழக்கம். புலவரும் சமயத் தொண்டரும் கல்விமான்களும் இத்தகைய பக்கங்களில் இடம்பெற்று வந்துள்ளனர். இம்முறை நாம் எடுத்துக்கொண்டவர் ஓர் ஆங்கில நீதிபதி. ஜெப்ரி லோறன்ஸ் என்பது அவர் இயற்பெயர்; ஓக்ஸி பிரபு என்பது பின்னர் எய்திய பட்டப்பெயர். நியூரன்பேர்க் நகரில் நாற்சி ஜேர்மனியின் தலைவர்களை விசாரித்த மன்றத்தின் தலைவராக உலகம் அவரை அறியும். சீதாவாக்கை ஆற்றங்கரையிலுள்ள தெரணியகலைக்கும் அவருக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு. தெரணியகலை அடங்கிய கேகாலை மாவட்டத்திலே எழுந்து, இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த எம் பெற்றோர் அனைவரின் வாக்குரிமையையும் தொட்ட ஒரு வழக்கின் இறுதித் தீர்ப்பு அவர் வாயிலாகவே வெளிவந்தது. ஆதலின் அவர் வாழ்க்கையைக் கற்பது ஆங்கிலச் சட்டத்தின் படிக்கட்டைக் கற்பதுமாகும். அப்படிக்கட்டின் உச்சியிலிருந்து எம்மை நோக்கி வந்த சொல்லைக் கற்பதுமாகும்.

லோறன்ஸ் 1880ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அல்பிரட் லோறன்ஸும் நீதிபதியே. அத்தந்தையாரை 1921இல் இங்கிலாந்தின் பிரதம நீதியரசராக்கினர். அப்பொழுது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. வேறொருவருக்கென அவ்விடத்தைக் காத்து வைப்பதே ஆட்சியாளரின் நோக்கம். அடுத்த ஆண்டில் தாம் பதவி துறந்த செய்தியை அவர் பத்திரிகையிற் படித்தே அறிந்தார் என்று சொல்வர். நீதி பீடத்தின் உயரத்தையும் அதன் நிலையாமையையும் மகன் வீட்டிலேயே கண்டார் எனலாம்.

ஒக்ஸ்போர்ட்டிற் கற்று, 1906இல் நியாயவாதியான இவர், முதலாம் உலகப் போரிற் பீரங்கிப் படையிற் பணியாற்றி வீரப்பதக்கம் பெற்றார். 1925இல் அரச நியாயவாதியாக உயர்ந்தார். 1932இல் மேல் நீதிமன்ற நீதிபதியானார். இதுவே அவர் ஏறிய படிகளில் முதலாவது. மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வழங்கும் தீர்ப்பு தமக்குக் கீழுள்ள மன்றங்களைக் கட்டுப்படுத்தும். தம்மோடு ஒத்த மற்றொரு நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அவர் அதனை மதிப்பார், காரணமின்றி விலகார், ஆயினும் விலக அவருக்கு உரிமையுண்டு.

1944இல் அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டார். அதே ஆண்டிற்றான் அந்நீதிமன்றம், யங் என்பவர் பிரிஸ்டல் விமானக் கம்பெனிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தன்னுடைய முந்திய தீர்ப்புகளுக்குத் தானும் கட்டுப்பட்டது என்று விதித்துக்கொண்டது. விலக்குகள் சிலவே. முந்திய தீர்ப்புகள் இரண்டு ஒன்றோடொன்று முரணினால் ஒன்றைத் தெரியலாம். பிரபுக்கள் சபையின் பிந்திய தீர்ப்புக்கு ஒவ்வாததைக் கைவிடலாம். கவனக்குறைவால் சட்டத்தைப் பாராது வழங்கியதைத் தள்ளலாம்.

முன்தீர்ப்பு என்னும் இம்முறையின் உட்பொருளை மாணவர் ஈண்டு தெளிதல் நன்று. ஒரு தீர்ப்பில் எழுதப்பட்ட யாவும் பின்வருவோரைக் கட்டுவதில்லை. வழக்கின் உண்மைகளைக் கொண்டு அம்முடிவுக்கு வர இன்றியமையாததாயிருந்த சட்டக் காரணம் எதுவோ அதுவே கட்டும். போகிற போக்கில் நீதிபதி சொல்லும் ஏனைய கருத்துகள் மதிப்புக்குரியனவே அன்றிக் கட்டளை அல்ல. பிந்திய வழக்கின் உண்மைகள் முந்தியதினின்றும் வேறுபட்டனவாயின், நீதிபதி அவ்வேறுபாட்டைக் காட்டித் தம் வழியே செல்லலாம். எனவே சட்டம் உண்மைகளின் மேலே எழுப்பப்படும் கட்டடம். உண்மைகளே அதன் அத்திவாரம்.

1945இல், முன்தீர்ப்பு என ஒன்றேனும் இல்லாத ஓர் அரங்கிற்கு லோறன்ஸ் அனுப்பப்பட்டார். பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத்து நாடு, பிரான்சு ஆகிய நான்கு நாடுகளின் நீதிபதிகள் கூடிய நியூரன்பேர்க் மன்றம் அவரைத் தலைவராகத் தேர்ந்தது. அந்நவம்பர் 20ஆம் நாள் விசாரணை தொடங்கிற்று. சட்டம் தோன்றுமுன் செய்த செயலைக் குற்றமெனல் ஆகுமோ என்று எதிரிகளின் வழக்கறிஞர் வாதித்தனர். போரைத் துறப்பதாக நாடுகள் 1928இல் பாரிசிற் செய்த உடன்படிக்கை முதலியவற்றை எடுத்துக்காட்டி, ஆக்கிரமிப்புப் போர் முன்னரே குற்றமாயிருந்தது என மன்றம் விடைகூறிற்று. 1946 செப்டம்பர் 30ஆம், ஒக்டோபர் 1ஆம் நாள்களில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. விசாரிக்கப்பட்ட 22 பேரில் 12 பேருக்கு மரண தண்டனை. 7 பேருக்குச் சிறை. 3 பேர் விடுதலையாயினர். வென்றோர் தோற்றோரை விசாரிக்கும் மன்றத்தில் மூவர் விடுதலை பெற்றமை சிறிய செய்தியன்று. லோறன்ஸின் பொறுமையையும் நடுநிலையையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் மதித்தனர். முன்தீர்ப்பின்றிப் பிறந்த அத்தீர்ப்பே பின்னர் முன்தீர்ப்பாயிற்று. 1990களில் யூகோசுலாவியா, ருவாண்டா ஆகிய நாடுகளின் கொடுமைகளை விசாரிக்க அமைந்த மன்றங்கள் அதன் வழியில் வந்தவையே.

1947இல் அவர் ஓக்ஸி பிரபு என்னும் பட்டமும், பிரபுக்கள் சபையின் சட்டப் பிரபு என்னும் பதவியும் பெற்றார். இஃது அன்று ஆங்கில நீதியின் உச்சிப்படியாயிருந்தது. அக்காலத்தில் அவ்வுச்சியிலிருந்தோரும் தம் பழைய தீர்ப்பை மாற்ற இயலாது. 1898இல் விதித்த அக்கட்டை அவர்கள் 1966 வரை அவிழ்க்கவில்லை.

அவர் அமர்ந்து கேட்ட வழக்குகளுள் ஒன்று எம் கிரிக்கெட் வீரர்களுக்கு இனிக்கும். மான்செஸ்டரில் ஒரு கழகத்தின் ஆடுகளத்திலிருந்து அடிக்கப்பட்ட பந்து வேலியைத் தாண்டித் தெருவில் நின்ற ஸ்டோன் என்னும் மாதின் மேல் விழுந்தது. விசாரித்த நீதிபதி கழகத்தின் பக்கம் தீர்த்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் புரட்டி மாதின் பக்கம் நின்றது. 1951இல் பிரபுக்கள் சபை அதனையும் புரட்டிக் கழகத்துக்கே வெற்றி தந்தது. சுமார் 30 ஆண்டுகளில் 6 முறையளவிலேயே பந்து தெருவுக்குச் சென்றது. வேலியோ துடுப்பாட்டக்காரரிடமிருந்து 78 யார் தொலைவில் இருந்தது. இத்துணை அருமையான அபாயத்துக்கு அஞ்சி ஆட்டத்தை நிறுத்தவேண்டியதில்லை என்பதே முடிவு. 1977இல் வேறொரு கிராமத்தில் பந்துகள் அயல் வீடுகளில் அடிக்கடி விழுந்தபொழுது, மேன்முறையீட்டு நீதிமன்றம் முந்திய தீர்ப்பை மதித்தும் உண்மைகள் வேறெனக் கண்டு கழகத்தைப் பொறுப்பாளியாக்கிற்று. ஒரு பந்துக்காக யார்களும் ஆண்டுகளும் எண்ணப்பட்டமையை வாசகர் மனத்திற் கொள்க.

சட்டப் பிரபுக்களுக்கு மற்றுமொரு கடமை இருந்தது. கடல் கடந்த நாடுகளிலிருந்து வரும் மேன்முறையீடுகளை அவர்கள் கோமறைக் கழகத்தில், அதாவது பிரிவிக் கவுன்சிலில், அமர்ந்து கேட்பர். அங்கே வழங்கப்படுவது வடிவில் முடியரசருக்கு உரைக்கும் ஆலோசனை. ஆதலின் 1966 வரை ஒரே குரல்தான் வெளிவரும். மாறுபட்ட கருத்தை வெளியிடும் வழக்கம் இல்லை. அக்கழகத்தின் முடிவு இங்கிலாந்தின் நீதிமன்றங்களுக்கு மதிப்புக்குரிய வழிகாட்டி மாத்திரமே. எந்நாட்டிலிருந்து வழக்கு வந்ததோ அந்நாட்டின் மன்றங்களுக்கோ மீறலாகாக் கட்டளை.

எம்மவர் வழக்கு அக்கழகத்தை அடைந்த வரலாறு இது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்ட மக்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரும் தம் தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இலங்கையிற் பிறந்தமையை நிறுவவேண்டும் என்றது. பால் வெட்டியும் கொழுந்து கொய்தும் லயங்களில் வாழ்ந்த எம்மவர் பலரிடம் அதற்கான பத்திரம் இல்லை. 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தம், குடியுரிமை உடையோரே வாக்காளர் என்றது. கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியில் கோடகன்பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்கும்படி கோரினார்; பதிவு அதிகாரி மறுத்தார். மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம், அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு அச்சட்டம் மாறானது எனக் கண்டு, கோரிக்கையை ஏற்றார். ஒரு சமூகத்தார்க்கு மாத்திரம் இடர் விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்பது அப்பிரிவு. 1951இல் உயர்நீதிமன்றம் அம்முடிவை இரத்துச் செய்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாயுள்ளன. அவற்றில் எச்சமூகத்தின் பெயரும் இல்லை என்பது அதன் நோக்கு. கோடகன்பிள்ளை இலண்டனுக்கு மேன்முறையீடு செய்தார்.

1953இல் கோமறைக் கழகத்தின் முடிவை ஓக்ஸி பிரபு வெளியிட்டார். நேரே செய்யலாகாததைப் பாராளுமன்றம் சுற்றுவழியாகவும் செய்யலாகாது என்பதைக் கழகம் ஏற்றது. ஆணைக்குழுக்களின் அறிக்கைகளையும் சூழ்நிலையையும் நோக்கலாம் என்றது. அதுவரை எமக்கு நலமே. ஆயின், தோட்டத் தமிழர் வந்துபோகும் இயல்பினர் என்பது அவர்களைக் குடிகளாக ஏற்பதற்குப் பொருந்திய ஆராய்வே என்றும், 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை பெற ஒரு வழி வகுத்திருப்பதால் ஒரு சமூகத்தை விலக்கும் நோக்கம் இல்லை என்றும் கண்டு, மேன்முறையீட்டைத் தள்ளிற்று. கதவைத் திறந்து பார்க்கலாம் என்று கூறியவர்கள், திறந்து பார்த்துவிட்டு, உள்ளே குடியிருப்போரை வழிப்போக்கர் என்றனர்.

ஓக்ஸி பிரபுவை இகழ்வது எமது நோக்கமன்று. நியூரன்பேர்க்கில் அவர் காட்டிய துணிவும் நேர்மையும் உண்மையானவை. எனினும் ஒரு பந்து வேலியைத் தாண்டிய தடவைகளை எண்ணிய நீதி, தெரணியகலையிலே பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே புதைக்கப்பட்ட தலைமுறைகளை எண்ணவில்லை என்பதை நாம் சொல்லாதிருத்தல் ஆகாது. 1938இலேயே ஜாக்சன் அறிக்கை, தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் இங்கு நிலைத்துவிட்டனர் எனக் கண்டிருந்தது. சான்று இல்லாமலில்லை, அதற்குக் கொடுத்த எடைதான் குறைந்தது. அத்தீர்ப்பு உச்சியில் எழுந்தமையால் இலங்கையின் கீழ்ப்படிகள் யாவற்றையும் கட்டிற்று. அதன்பின் மீளாய்வு அதிகாரி எவரும் சிவஞானசுந்தரத்தின் வழியிற் செல்ல இயலாதாயிற்று. முன்தீர்ப்பு முறையின் வலிமையும் கொடுமையும் இதுவே: நல்ல தீர்ப்பையும் தவறிய தீர்ப்பையும் அது ஒரே உறுதியுடன் தாங்கும்.

ஓக்ஸி பிரபு 1957இல் ஓய்வு பெற்று, 1971 ஓகஸ்டு 28ஆம் நாள் காலமானார். அவர் விலகிய பின், 1964இல் இலஞ்ச ஆணையாளர் வழக்கில் கோமறைக் கழகம் 29ஆம் பிரிவின் உறுதியைப் பெரிதும் போற்றிற்று. ஆனால் அது வழக்கின் முடிவுக்கு வேண்டாத இடைக்கூற்றாகவே நின்றது. கோடீஸ்வரன் வழக்கில் மாவட்ட நீதிபதி அரசகரும மொழிச் சட்டம் செல்லாதென 1964இல் தீர்த்தார். உயர்நீதிமன்றம் வேறொரு காரணம் பற்றி அதனைப் புரட்டிற்று. 1969இல் கோமறைக் கழகம் அக்காரணத்தைத் தள்ளி, அரசியலமைப்பு வினாவை உயர்நீதிமன்றத்துக்கே திருப்பிற்று. அவ்வினாவுக்கு விடை வருமுன்னரே, ஓக்ஸி பிரபு மறைந்த அதே 1971இல், இலங்கையிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இன் புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவும் மறைந்தது.

மன்றம் மூடிய வழியை மக்களின் முயற்சியே பின்னர் திறந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்தன. அப்பங்கீட்டிற் பிரிந்த உறவுகளின் துயரம் எம் லயங்களில் இன்றும் பேசப்படுகிறது. எஞ்சியோருக்கு 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் குடியுரிமை அளித்தன.

சட்டம் கற்கச் செல்லும் எம் மாணவருக்கு ஒன்று கூறி முடிப்போம். உச்சியிலுள்ள நீதிபதியை நாம் தெரிந்துகொள்ள முடியாது. அடிப்படியிலே, விசாரணை மன்றத்திலே, உண்மைகளை ஒன்றும் விடாது எண்ணிப் பதிவு செய்வது எம் கையிலுள்ளது. பிறப்புப் பத்திரம், பாடசாலை இடாப்பு, தோட்டச் செக்றோல் ஆகியவற்றைப் பேணுங்கள். நாளை ஒரு நீதிபதி எம்மவரை எடைபோட நேர்ந்தால், தராசின் எம் தட்டு வெறுமையாயிராதிருக்கட்டும்.