எளிய வாழ்வின் கணக்கப்பிள்ளை: ஜே. சி. குமரப்பா



உங்கள் வீட்டில் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். பாலுக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு இவ்வளவு என்று எழுதி, மாத முடிவில் கூட்டிப் பார்க்கிறீர்கள். வரவுக்குள் செலவு அடங்கியிருந்தால் நிம்மதியாய் மூச்சு விடுகிறீர்கள். ஆனால் அந்த நோட்டில் ஏறாத செலவு ஒன்று உண்டு. பூமியிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது எவ்வளவு, அதற்குத் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்பதே அது. அந்தக் கணக்கை உட்கார்ந்து எழுதிப் பார்த்த ஒரு மனிதர் நம் தஞ்சாவூரில் பிறந்து மதுரையில் கண்மூடினார். அவரைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியுஸ் பிறந்தார். தகப்பனார் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம் அம்மாள். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் சேசுநாதருடைய போதனையை வீட்டுக்குள் அனுசரித்து வாழ்ந்த குடும்பம் அது. பிள்ளை லண்டன் சென்று கணக்குத் தணிக்கை படித்தார். திரும்பி வந்து பம்பாயில் தொழில் நடத்தினார். பெரிய பெரிய கம்பெனிகளின் கணக்குகள் அவர் கையில் சரிபார்க்கப்பட்டன. மேல்நாட்டு உடை, மேல்நாட்டு நடை, நல்ல வருமானம், ஒன்றுக்கும் குறைவில்லை.

1927-ல் அமெரிக்கா போனார். சிராக்கியூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகம் படித்து, பிறகு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்தார். இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது என்று அவர் செய்த பிரசங்கம் ஒன்று பத்திரிகையில் வர, அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் செலிக்மன் அதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். அதுவரை கம்பெனிகளின் கணக்கைப் பார்த்து வந்தவர், முதல் தடவையாக ஒரு தேசத்தின் கணக்கைப் பார்த்தார். வரிப்பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்று நோக்க நோக்க, அவர் மனம் கலங்கிற்று.

ஊர் திரும்பியதும் தம் ஆராய்ச்சியைக் காந்தியடிகளிடம் காட்ட விரும்பினார். 1929 மே 9-ந் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டபடியால் நதிக்கரையில் உலாவினார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து, வயோதிகர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். நம்மவர் கைத்தடியோடு நின்று வேடிக்கை பார்த்தார். சற்று நேரம் கழித்து அந்த வயோதிகரே பேச்சுக் கொடுத்த பிறகுதான், தாம் காண வந்த மகான் அவரே என்று தெரிந்தது. பட்டு உடுப்போடு அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது அவர் வாழ்க்கை திசை மாறியிருந்தது. கொர்னேலியுஸ் என்ற பெயரை விட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை ஏற்றார். மேல்நாட்டு உடை போய்க் கதர் வந்தது. குஜராத்தில் கேடா ஜில்லா மாத்தர் தாலுக்காவில் கிராமம் கிராமமாய்ப் போய் ஏழை உழவர்களின் வரவு செலவை எழுதினார்.

கணக்கில் அவர் எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. நிவாரண நிதியின் கணக்கு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. காந்தியடிகள் தம் கூட்டத்தாரோடு அங்கே வந்தபோது, அவர்களுடைய சாப்பாட்டுச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். துன்பப்பட்டவர்களுக்காக வந்த பணம் அவர்களுக்கே போக வேண்டும். மகாத்மாவானாலும் அதில் தொடக்கூடாது என்பது அவர் நியாயம். காந்தியடிகளும் அதை ஒப்புக்கொண்டார்.

அந்த வருஷக் கடைசியில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் ஆரம்பமாயிற்று. குமரப்பா அதன் காரியதரிசியானார். மகன்வாடி என்ற தோட்டத்தில் வேலை நடந்தது. நெல் குத்துவது, மாவு அரைப்பது, செக்கில் எண்ணெய் ஆட்டுவது, தேனீ வளர்ப்பது, கையால் காகிதம் செய்வது, சோப்புச் செய்வது, பதநீரிலிருந்து வெல்லம் காய்ச்சுவது, மலத்தையும் குப்பையையும் எருவாக்குவது ஆகிய இவையெல்லாம் அங்கே ஆராய்ச்சிக்குரிய விஷயங்களாயின. மண்ணெண்ணெய் இல்லாமல் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கையும் அங்கே செய்தார்கள். லண்டனில் படித்த கணக்கர் இதற்காகவா வந்தார் என்று பலர் ஏளனம் செய்திருப்பார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

வாசகரே, அவர் ஏன் இதில் இறங்கினார்? அவருடைய எண்ணத்தைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். செல்வம் இரண்டு வகை என்றார். நிலக்கரி, மண்ணெண்ணெய், இரும்பு முதலியவை தேக்கி வைத்த தண்ணீர் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும், மறுபடி ஊறாது. மரம், மூங்கில், தானியம், பதநீர் முதலியவை ஓடும் ஆற்றுத் தண்ணீர் போன்றவை. அளவோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். தேக்கத்தை நம்பி வாழும் ஜனங்களுக்குள், கையிருப்புக் குறையக் குறையச் சண்டை மூளும். ஓட்டத்தை நம்பி வாழ்கிறவர்களுக்குச் சமாதானம் எளிது. இதைக் குடும்ப பாஷையில் சொன்னால், பின்னது மாதச் சம்பளத்தில் வாழ்வது. முன்னது பாட்டனார் வைத்துப்போன நிலத்தை விற்றுச் சாப்பிடுவது.

இன்னொன்றும் சொன்னார். புலி மற்றொன்றைக் கொன்று தின்கிறது. குரங்கு தான் நடாத தோப்பில் பறித்துத் தின்கிறது. குருவி உழைத்துத் தனக்குக் கூடு கட்டுகிறது. தேனீ தன் கூட்டம் முழுவதற்கும் சேகரிக்கிறது. தாய்ப்பறவையோ பிரதி உபகாரம் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதன் புலியாயும் குரங்காயும் இருக்கலாம், தாய்ப்பறவையாயும் இருக்கலாம். எது என்பதை அவனே தெரிந்தெடுக்கிறான்.

இந்தத் தெரிந்தெடுப்பு கடைத்தெருவில் நடக்கிறது என்பதுதான் அவர் கற்பித்த பாடங்களில் நம்மை அதிகம் உறுத்துவது. திருட்டுச் சாமான் என்று தெரிந்தே வாங்குகிறவன் திருட்டில் பங்காளி அல்லவா? அப்படியே, ஒரு டப்பா கோக்கோ வாங்குகிறவர், மேற்கு ஆப்பிரிக்காவின் தோட்டங்களில் அதற்காகக் கட்டாய வேலை செய்தவர்களின் துன்பத்தில் பங்கு கொள்ளுகிறார் என்று அவர் எழுதினார். மலிவு என்று நாம் சந்தோஷப்படுகிற பொருளின் மீதி விலையை வேறு எவரோ எங்கேயோ செலுத்துகிறார். நம் காலத்தில் மண்ணும் ஆறும் கடலும் செலுத்துகின்றன.

இவ்வெண்ணங்களில் பலவற்றை அவர் எழுதியது சிறைச்சாலையில். 1942 போராட்டத்தை ஒட்டிச் சிறைப்பட்டு, ஜபல்பூர்ச் சிறையில் இருந்த நாட்களில், நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஒரு புத்தகமும், சேசுநாதரின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1945-ல் விடுதலையாகி வந்தபோது உடல்நலம் கெட்டிருந்தது.

சுதந்திரம் வந்தது; ஆனால் தேசம் அவர் காட்டிய வழியில் போகவில்லை. காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் கமிட்டிக்குத் தலைவராயிருந்து 1949-ல் அவர் கொடுத்த அறிக்கையில் பெரும் பகுதி காகிதத்தோடு நின்றது. அவர் பதவி தேடவில்லை; விவாகமும் செய்துகொள்ளவில்லை. 1950-களில் மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதனத்துக்கு வந்து, ஒரு சிறு வீட்டில் தங்கினார். அங்கே காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழைக் குடியானவனின் படத்தையும் வைத்திருந்தார் என்றும், யாரென்று கேட்டவர்களுக்கு, காந்தியடிகள் தமக்கு எஜமான், இந்தக் குடியானவன் அந்த எஜமானுக்கும் எஜமான் என்று விளக்கினார் என்றும் சொல்வார்கள். 1960 ஜனவரி 30-ந் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மதுரையில் உயிர் நீத்தார். 1973-ல் ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞர், சிறியதே அழகு என்னும் பொருள்படும் தம் ஆங்கில நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்துக்காட்டியபோது, மேல்நாட்டாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசகரே, கதை முடிந்தது என்று தாளை மடித்துவிடாதீர்கள். இனி உங்கள் வீட்டுக்குள் வருகிறோம்.

முதலில் அடுப்பங்கரை. அரிசியைப் பளபளவென்று தீட்டுவதைக் குமரப்பா கண்டித்தார். தீட்டத் தீட்ட, தவிட்டோடு பி1 வைட்டமினும் போய்விடுகிறது. அது குறைந்தால் பெரிபெரி நோய் வரும். வாரத்தில் சில நாளாவது கைக்குத்தல் அரிசியோ தீட்டாத அரிசியோ சமைத்துப் பாருங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாய் வாங்குங்கள். முன்கூட்டியே ஊறவைத்தால் எளிதில் வேகும். கரும்புக்கு நல்ல நிலமும் ஏராளமான நீரும் வேண்டும். பனையோ தரிசிலும் வரப்பிலும் தானே நிற்கிறது. ஆகவே வெல்லத்தைப் பனையிலிருந்து எடுத்து, நல்ல நிலத்தைத் தானியத்துக்கு விடலாம் என்றார் அவர். நீங்கள் கருப்பட்டி வாங்கினால் பனையேறியின் வீட்டிலும் அடுப்பு எரியும். சீனி கலந்ததும் சந்தையில் உண்டு. தெரிந்தவரிடம் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது குப்பை. அடியில் துளையிட்ட பழைய பானை ஒன்றை எடுத்து, காய்ந்த இலையைப் பரப்பி, காய்கறித் தோலையும் பழத்தோலையும் போட்டு, மேலே ஒரு பிடி மண்ணும் மறுபடி காய்ந்த இலையும் தூவி மூடுங்கள். பிழிந்த துணியின் ஈரம் இருந்தால் போதும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். காய்ந்த இலையைச் சேருங்கள். வாரம் ஒரு தரம் கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த எரு கிடைக்கும். மண்ணிடம் வாங்கியதை மண்ணுக்குக் கொடுத்த கணக்கு அன்று நேராகும்.

பாத்திரம் துலக்கத் தேங்காய் நார், தலை முழுகச் சீயக்காய், பட்டுத் துணி அலசப் பூந்திக்கொட்டை என்று நம் பாட்டிமார் உபயோகித்தவை எல்லாம் ஓடும் ஆற்றைச் சேர்ந்தவை. கடைக்குப் போகும்போது துணிப்பை மறவாதீர்கள். ஒரு தடவை மட்டும் உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021-ல் மஞ்சப்பைக்குத் திரும்பும்படி இயக்கமும் தொடங்கியது. சட்டம் கடைக்காரரைத் தடுக்கலாம். நம் கை நீளாதிருந்தால் அல்லவோ காரியம் முடியும்!

கோவில் காரியங்களிலும் இதை நினையுங்கள். திருவிழா அசனத்துக்கு வாழையிலையும் எவர்சில்வர் தம்ளரும் போதாதா? உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை மண்ணில் எளிதில் மட்காது. கல்லறைத் திருநாளில் நம் பெரியோரின் குழிமேல் பிளாஸ்டிக் மாலை சாத்தினால், அது வாடாதுதான். ஆனால் மழையில் அடித்துச் சென்று வாய்க்காலை அடைக்கும். நாலு செவ்வந்திப் பூ மறுவாரமே வாடி அந்த மண்ணோடு மண்ணாகும். மரித்தோருக்கு அதனால் குறைவொன்றும் இல்லை.

இவையெல்லாம் சின்னக் காரியங்கள். இவற்றால் உலகம் திருந்துமா என்று கேட்பீர்கள். குமரப்பாவும் தம் ஆயுள்காலத்தில் தேசம் திருந்தக் காணவில்லை. ஆனாலும் தம் கணக்கைத் தாம் நேராக வைத்துக்கொண்டு போனார். சர்வேசுரன் நம்மிடம் கேட்கப்போவதும் ஊர்க் கணக்கை அல்ல, நம் வீட்டுக் கணக்கைத்தான்.

ஆகவே இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்து ஆத்தும சோதனை செய்யும்போது, இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்று நான் எடுத்தது எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு? பிள்ளைகளும் கேட்கட்டும். பதில் சொல்லக் கூச்சமாயிருந்தால், நாளைக் காலையில் அந்தப் பானையை எடுத்துத் துளை போட ஆரம்பியுங்கள்.