மரங்களை எண்ணியவர்

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளிலுள்ள பழைய பெருவீடுகளுக்குள் அடியெடுத்து வைத்தவர்கள், அங்கு வரிசையாக நிற்கும் தேக்குத் தூண்களைக் கையால் தடவிப் பாராமல் வெளிவந்திருக்கமாட்டார்கள். அத்தூண்களுள் பல பர்மாவின் மலைகளில் வளர்ந்து, ஆற்று வெள்ளத்தில் மிதந்து, இரங்கூன் துறையில் கப்பலேறி நம் நாடு வந்தவை. ஆங்கிலேயர் வழங்கும் டீக் என்னும் பெயரும் நம் தென்னாட்டுத் தேக்கே. மலையாளக் கரையில் போர்த்துக்கேசியர் செவியில் விழுந்த அச்சொல் ஐரோப்பா வரை சென்று உருமாறித் திரும்பியது. கப்பலுக்கும் வீட்டுக்கும் பாலத்துக்கும் இவ்வளவு வெட்டிய பின்னரும் பர்மாவில் தேக்குக் காடு எஞ்சியிருந்ததே, அஃது எவ்வாறு என்று நாம் கேட்பதில்லை. கேட்டால், விடை பெரும்பாலும் ஒரு ஜெர்மானியரிடத்தில் போய் நிற்கும். டீட்ரிக் பிராண்டிஸ் என்பது அவர் பெயர். காட்டைக் காக்க வேண்டுமாயின் மரத்தையும் அறியவேண்டும், அம்மரத்தினடியில் வாழும் மனிதனையும் அறியவேண்டும் என்று கொண்டு, அறிந்ததை ஆணையாகவும் விதியாகவும் ஆக்கப் பாடுபட்டவர் அவர். முதற் பாதியில் வென்றார். மறு பாதியில் பெரிதும் தோற்றார். அத்தோல்வியின் விளைவுகளை நம் நாடு நெடுங்காலம் அனுபவித்தது.

பிராண்டிஸ் 1824ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆம் நாள் பான் நகரில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தியன் ஆகஸ்டு பிராண்டிஸ், கிரேக்கத் தத்துவ வரலாற்றில் பெயர் பெற்ற பேராசிரியர். கிரேக்க மன்னர் ஒட்டோவுக்கு ஆலோசகராகத் தந்தையார் சென்றபோது, மைந்தரும் உடன் சென்று ஏதென்ஸ் நகரில் சில காலம் பயின்றார். பின்னர்க் கோபன்ஹேகன், கோட்டிங்கன், பான் ஆகிய இடங்களில் கல்வி கற்று, 1849 முதல் பான் பல்கலைக் கழகத்தில் தாவர நூல் போதித்து வந்தார். அமைதியான கல்லூரி வாழ்வு. அதிலேயே அவர் காலம் கழிந்திருக்கலாம்.

திருமணம் அவர் போக்கை மாற்றியது. செராம்பூரில் அச்சுக்கூடமும் கல்லூரியும் கண்ட பாதிரியார் ஜோஷுவா மார்ஷ்மனின் மகளார் ரேச்சல் என்பவரை 1854இல் அவர் மணந்தார். அம்மையார் கணவரை இழந்தவர். அவருடைய முதற் கணவர் வோய்க்ட் என்பாரும் செராம்பூரில் தாவர ஆராய்ச்சி செய்தவரே. அம்மையாரின் உடன்பிறந்தாரை மணந்தவர் பிற்காலத்தில் ஜெனரல் ஹாவ்லக் எனப் புகழ்பெற்றவர். இவ்வுறவுகளின் வழியே பிராண்டிஸின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிப் பிரபுவின் காதுக்கு எட்டியது. 1852இல் பெகு நாட்டைப் பிடித்துக்கொண்ட ஆங்கிலேயர்க்கு அதன் தேக்குக் காடுகளை ஆள ஆள் தேவைப்பட்டது. 1856ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிராண்டிஸ் அக்காடுகளின் தலைவராக நியமனம் பெற்றார். அதற்கு முன்பு அவர் எந்தக் காட்டையும் நிருவகித்தவர் அல்லர்.

காட்டில் மரம் எத்தனை என்று அங்கு யாருக்கும் தெரியாது. மரம் ஏராளம், எடுக்க எடுக்கக் குறையாது என்பது வணிகர் கட்சி. காடு அழிந்துகொண்டே போகிறது என்பது சில அதிகாரிகள் கட்சி. இரண்டும் ஊகங்களே. தெனாசெரிம் கரையில் ஊகத்தை நம்பிக் காட்டை ஒப்பந்தக்காரரிடம் விட்டு, சில பத்தாண்டுகளில் நல்ல மரங்களை இழந்த அனுபவமும் இருந்தது. பிராண்டிஸ் இரு கட்சியிலும் சேரவில்லை; எண்ணிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

ஆயிரக் கணக்கான சதுர மைல் மூங்கில் புதரும் மலையுமாகக் கிடக்கும் காட்டில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணுதல் இயலாத காரியம். ஆகவே அவர் யானைமேல் அமர்ந்து, செல்லத்தக்க மலைமுதுகுகளின் வழியே கோடு கிழித்தாற்போலச் சென்றார். இரு புறமும் பார்வைக்கு எட்டிய தேக்கு மரங்களைப் பருமனால் நான்கு வகுப்பாகப் பிரித்தார். அடிச் சுற்றளவு 6 அடியும் அதற்கு மேலும் உள்ளவை முதல் வகுப்பு. நாலரை அடி முதல் 6 அடி வரை இரண்டாவது. ஒன்றரை முதல் நாலரை அடி வரை மூன்றாவது. அதற்கும் குறைந்த இளங்கன்றுகள் நான்காவது. வகுப்புக்கு ஒன்றாக நான்கு குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு, மரத்தைக் கண்டபோதெல்லாம் உரிய குச்சியில் கத்தியால் ஒரு வெட்டுக் குறி இடுவார். நம் ஊர்ப் பால்காரர் சுவரில் கரிக்கோடு இழுத்துக் கணக்கு வைத்ததைக் கண்டவர்கள் இம்முறையை எளிதில் விளங்கிக்கொள்வர். மழையும், காய்ச்சலும், அட்டையும் நிறைந்த அக்காடுகளில் மாதக் கணக்கில் இவ்வாறு திரிந்தார். ஒரு பேராசிரியரின் பெருமை இந்தக் குச்சிகளில் வந்து முடிந்ததைப் பார்த்து இரங்கூனில் சிலர் நகைத்திருக்கவும் கூடும்.

எண்ணிக்கை கைக்கு வந்ததும் கணக்குப் பிறந்தது. இரண்டாம் வகுப்பு மரம் பருத்து முதல் வகுப்பாவதற்கு எத்தனை ஆண்டு செல்லும் என்பதை மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு மதிப்பிட்டார். அத்தனை ஆண்டுகளுக்கு, கையிருப்பிலுள்ள முதல் வகுப்பு மரங்களைப் பங்கிட்டுக் கொடுத்தார். ஆண்டுக்கு இவ்வளவுதான் வெட்டலாம். 6 அடிக்குக் குறைந்ததைத் தொடவே கூடாது. வட்டியை மட்டும் உண்டு முதலைக் காக்கும் குடும்பத் தலைவனின் முறை இதுவே. பச்சைத் தேக்கு நீரில் அமிழும். எனவே அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு உலரவிட்டுப் பின்னர் வீழ்த்தி ஆற்றில் விடுவது அந்நாட்டுப் பழக்கம். எந்த மரத்துக்கு வளையமிடுவது என்பதைக் காட்டிலாகாவே தீர்மானிக்கும் என்று விதித்தார். வணிகர்கள் கொதித்தெழுந்தனர். தடையற்ற வாணிகம் என்பது அக்காலத்து ஆங்கிலேயர்க்கு ஒரு மதம்போல இருந்தது. மேலிடத்துக்கு மனுக்கள் பறந்தன. 1860களின் தொடக்கத்தில் காட்டின் சில பகுதிகளைத் தனியார்க்குத் திறந்துவிடவும் நேர்ந்தது. ஆயினும் கணக்கு நிலைத்துவிட்டது. அதனை மறுக்க வேண்டியவன் வேறொரு கணக்குக் கொண்டு வரவேண்டியிருந்தது. அப்படி ஒன்று எவரிடத்தும் இல்லை.

இனி மனிதர்களின் செய்தி. அம்மலைகளில் கரேன் என்னும் குடிகள் வாழ்ந்தனர். கோடையில் மூங்கிற் காட்டை வெட்டி உலர்த்தி எரித்து, சாம்பலில் மலைநெல் விதைத்து, ஓரிரண்டு ஆண்டில் அவ்விடத்தை விட்டு வேறிடம் செல்வது அவர்கள் பயிர்முறை. பர்மிய மொழியில் இதற்குத் தௌங்யா என்று பெயர். மலைக்கொல்லை என்று நாம் சொல்லலாம். இவர்களால் தேக்கு அழிகிறதென்று வழக்குகள் நடந்தன. அதே 1856இல் சென்னை மாகாணத்தில் வனக் காப்பாளராக அமர்ந்தவர் சென்னையிலேயே பிறந்த டாக்டர் கிளெக்ஹார்ன். அவரும் நேர்மையும் கல்வியும் மிக்கவரே. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் குமரி என வழங்கிய இதே பயிர்முறையைத் தடுக்கவேண்டுமென்று வாதாடி வென்றவர். பிராண்டிஸ் வேறு வழி கண்டார். எரித்த கொல்லையில் நெல்லோடு தேக்கு விதையையும் கரேன் மக்களே ஊன்றட்டும், நெல் அவர்களுக்கு, அவர்கள் பேணிய கன்றுகளுக்குக் கூலி சர்க்கார் கொடுக்கும், அவர்கள் பெயர்ந்து சென்றபின் அங்குத் தேக்கந் தோப்பு நிற்கும். உடனே யாரும் நம்பவில்லை. காட்டைக் கொடுத்துக் காட்டைப் பறிக்கும் தந்திரமென்று அம்மக்கள் ஐயுற்றனர். பல ஆண்டு பொறுத்திருந்து பேசிய பின்னரே முதல் தோப்புகள் எழுந்தன. பின்னர் இம்முறை பர்மா முழுதும் பரவி, இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சென்றது.

அம்மக்களின் ஐயம் முற்றிலும் பொய்யென்று இன்று நாம் சொல்ல முடியாது. தேக்கு முற்றும்வரை அந்த நிலம் அவர்களுக்குத் திரும்பாது. பிற்காலத்தில் பல இடங்களில் கொல்லைக்காரர் வெறுங் கூலியாள் நிலைக்கு இறங்கினர். தீயைப்பற்றியும் பிராண்டிஸ் ஒரு பிழை செய்தார் எனலாம். காட்டுத் தீ முற்றும் பகையே என்னும் ஐரோப்பியக் கொள்கையை அவர் விடாது பற்றினார். தேக்கு விதை முளைக்கவும், மூங்கில் நிழல் விலகவும் தீயும் ஓரளவு வேண்டும் என்பதைக் கரேன் கொல்லையிலேயே கண்டவர், அதனைப் பொது விதியாக்கத் துணியவில்லை. 1890களின் பிற்பகுதியில் பர்மாவின் வன அதிகாரிகளே தீத்தடுப்பைக் குறித்துக் கேள்வி எழுப்பினர்.

ரேச்சல் அம்மையார் 1863இல் காலமானார். அதற்கு முன்பே பிராண்டிஸ் இந்திய சர்க்காரால் அழைக்கப்பட்டிருந்தார். இருப்புப் பாதை நாலா பக்கமும் நீள, அதன் கட்டைகளுக்காக இமயத்துத் தேவதாருவும் மத்திய இந்தியாவின் சால மரமும் வீழ்ந்துகொண்டிருந்த காலம் அது. 1864இல் காட்டிலாகா தோன்றியது. அதன் முதல் தலைமை அதிகாரி அவரே. அடுத்த ஏறத்தாழ 20 ஆண்டுகள் நாடெங்கும் நடந்தும், குதிரையேறியும், யானையேறியும் காடு கண்டார். ஷ்லிக், ரிபென்ட்ராப் என்னும் இரு ஜெர்மானிய அறிஞரைத் துணைக்குக் கொணர்ந்தார். 1878இல் டேராடூனில் வனப் பள்ளி நிறுவப்பெற்றதும் அவர் முயற்சியாலேயே. இந்தியர் அதில் பயின்று ரேஞ்சர்களாயினர். அங்குள்ள வன ஆராய்ச்சி நிலையத்தின் செங்கல் மாளிகையைக் கண்டு வியக்கும் நம் அன்பர்கள், அப்பணியின் முதல் வித்து அந்தச் சிறு பள்ளி என்பதை நினைவிற்கொள்ளலாம்.

அதே 1878ஆம் ஆண்டில்தான் அவருக்குப் பெருந்தோல்வி நேர்ந்தது. காடு யாருக்கு உரியது? பேடன்-பவல் என்னும் பஞ்சாப் அதிகாரி சர்க்காருக்கே என்றார். மக்கள் விறகும் புல்லும் எடுத்தது மன்னர் கண்டும் காணாதிருந்ததால் வந்த சலுகையே, உரிமையன்று என்பது அவர் வாதம். (இவர் சாரணர் இயக்கங் கண்டவரின் மாற்றாந்தாய் வழித் தமையனார்.) மறுகோடியில் சென்னை ரெவினியூ போர்டார், காடு கிராமத்தாருடையதே என்று அஞ்சாது எழுதினர். பிராண்டிஸ் இடைவழி நின்றார். விலையுயர்ந்த பெருங்காடுகள் சிலவற்றைச் சர்க்கார் அளந்து எல்லையிட்டு வைத்துக்கொள்ளட்டும். விறகுக்கும் புல்லுக்கும் ஏருக்குரிய மரத்துக்குமாக ஒவ்வோர் ஊரையும் அடுத்து ஊர்க்காடு ஒதுக்கி, அவ்வூராரே அதனை ஆளட்டும் என்றார். ஐரோப்பாவில் நகரங்களும் சிற்றூர்களும் தம் காட்டைத் தாமே பேணி வருவதை அவர் அறிந்திருந்தார். இந்திய ஊரார்க்கு அத்திறமை இராது என்று எண்ண அவர் ஒப்பவில்லை. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊர்க்காட்டுக்கென ஓர் அத்தியாயம் இடம் பெற்றது உண்மை. ஆனால் அதைப் பயன்படுத்தியோர் அரியர். பேடன்-பவல் வழியே சட்டம் நடந்தது. பூனா சார்வஜனிக சபையார் எதிர்த்து விண்ணப்பித்தும் பயனில்லை.

சென்னை மாகாணம் அச்சட்டத்தை ஏற்கவில்லை. அதற்குத் தனிவழி வகுக்கவே 1881இல் பிராண்டிஸ் சென்னை வந்தார். 1882இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. 1883 வரை அவர் தென்னாட்டு மலைகளைச் சுற்றி, மாகாணத்தின் வன நிருவாகம் பற்றிப் பெரியதோர் அறிக்கை எழுதினார். சேலம் மாவட்டத்து மலைகளில் திரிந்தபோது அவர் கண்ணைக் கவர்ந்தவை நம் கோயிற்காடுகள். ஐயனார்க்கும் காளிக்கும் என்று விட்ட காட்டில் கோடரி படாது என்பது நமக்குப் புதிதன்று. அதனாலேயே நாம் அதைக் கவனிப்பதுமில்லை. 1868இல் குடகிலும் 1879இல் காசி, காரோ மலைகளிலும் அவ்வாறே கண்டிருந்த அவர், ஒருவர் சொல்லாமல் ஊரார் தாமே காடு காக்கும் வழக்கம் நாடெங்கும் இருந்ததென்று பின்னர் எழுதிவைத்தார். ஊர்க்காடு பற்றி அவர் முன்பு ஊகித்ததற்குச் சேலத்து மலைகள் சான்று கூறின. சான்று கிடைத்தபோது முடிவு வேறு கைகளில் இருந்தது.

1883இல் பதவி விட்டுப் பான் நகரம் திரும்பினார். இந்தியப் பணியில் சேரவிருந்த இளைஞரை ஜெர்மனி, சுவிட்சர்லாந்துக் காடுகளுக்கு ஆண்டுதோறும் அழைத்துச் சென்று காட்டினார். அமெரிக்காவின் பின்ஷாட் 1889இல் அவரை நாடிச் சென்று மாணாக்கரானார். 1905இல் அந்நாட்டு வனத்துறைக்கு முதல் தலைவரானவர் அவரே. வனத்துறையின் உயர் பதவிகளில் இந்தியரை மிகுதியாக அமர்த்தவேண்டுமென்று 1897இல் பிராண்டிஸ் எழுதிய நூலை, அதிகாரிகளில் பலர் விரும்பிப் படித்திருக்கமாட்டார்கள். முதுமையில் இந்திய மரங்கள் அனைத்தையும் ஒருங்கே விவரிக்கும் பெருநூலை எழுதத் தொடங்கினார். அந்நூல் 1906இல், அவரது 82ஆம் வயதில் வெளிவந்தது. 1907ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் பிறந்த ஊரிலேயே காலமானார்.

1921இல் குமாவுன் மலைகளில், சர்க்கார் எல்லையிட்ட காடுகளுக்கு மக்களே தீ வைத்தனர். குறைகேட்க ஒரு குழு அமைக்கப்பட்டது. 1931இல் ஊரார் காட்டை ஊராரே ஆளும் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வந்தன. அப்பஞ்சாயத்துகள் உத்தரகண்டில் இன்றும் ஆயிரக் கணக்கில் உள்ளன. டேராடூன் வரை செல்லும் அன்பர்கள் இன்னும் சற்று மேலே ஏறி, அத்தகைய காடு ஒன்றைப் பார்த்து வரலாம்.